பவுண்டு ஆபீஸ் என் வீட்டுக்கு வந்தது

செருப்பை வெளியில் விட்டாயா? சரி, உட்கார். நீ என்று சொல்கிறேனே என்று முகத்தைச் சுருக்காதே. என் மகனைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாய். ஆபீசர்தான், ஒத்துக்கொள்கிறேன். கழுத்தில் அட்டை தொங்குகிறதே, நீ கேட் திறக்கும்போதே படித்துவிட்டேன். நகர மகளிர் ஆணையம், கள விசாரணையாளர். எங்கள் காலத்தில் அட்டையெல்லாம் கிடையாது. நடந்து போனாலே தெருவுக்குத் தெரியும், இவர்கள் யார் என்று.

காபி வேண்டாமா? தண்ணீராவது? அதுவும் கூடாதா? விசாரணைக்குப் போகிற வீட்டில் வாய் நனைக்கக் கூடாது என்று சட்டமா? நல்ல சட்டம். விஷமா வைத்துவிடப் போகிறேன்? சரி, விடு.

எதற்கு வந்திருக்கிறாய் என்று நீ சொல்ல வேண்டியதில்லை. என் மருமகள் ரூபிணி உங்களிடம் மனு கொடுத்திருக்கிறாள், என் மகன் நிரஞ்சன் கை நீட்டி அடித்தான் என்று. அவன் இல்லை என்கிறான். நாளைக்கு விசாரணை. அன்றைக்கு இந்த வீட்டில் மூன்றாவது ஆளாக இருந்தது நான். நான் வந்து பார்த்தேன் என்று சொன்னால் மனு நிற்கும். சொல்லாவிட்டால் சாட்சி இல்லை என்று கட்டி வைத்துவிடுவீர்கள். நிரூபிக்க முடியவில்லை என்றால் பேசாமல் புருஷன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டாராம். நாளைக்குச் சாயங்காலமே காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவாராம். சரிதானே? பார், உன் கோப்பைத் திறக்காமலே எல்லாம் சொல்லிவிட்டேன்.

திறக்காதே என்கிறேனே. இரு.

முதலில் ஒன்று தெரிந்துகொள். நீ சம்பளம் வாங்குகிற அந்த ஆணையத்தை ஆரம்பித்தவளே நான். சரி, நான் மட்டும் இல்லை. நானும் பாக்கியத்தாயும். உங்கள் ஆபீசில் யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். என் பெயரைச் சொன்னதும் நீ முழித்த முழியே போதும்.

பெண்களுக்கு வார்டு ஒதுக்கின புதுசு. எங்கள் நகராட்சியில் பத்துப் பன்னிரண்டு பொம்பளை கவுன்சிலர்கள் ஜெயித்து வந்தார்கள். ஜெயித்தது அவர்கள், நாற்காலியில் உட்கார்ந்தது புருஷன்மார்கள். அவள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள், அவர் கூட்டத்தில் கை தூக்கிக்கொண்டிருப்பார். கேட்டால், "அவளுக்கு ஒடம்பு சரியில்ல." மாசா மாசம் கூட்டத்தன்றைக்கு மட்டும் பத்துப் பேருக்கும் உடம்பு சரியில்லாமல் போகும். என்ன வியாதியோ!

அந்தச் சமயத்தில்தான் ஒரு காண்டிராக்டர் வீட்டுக் கல்யாணம், கோவில்பட்டியில். ரோடு போடுகிற காண்டிராக்டர். ஆகையால் ஆம்பளை கவுன்சிலர், கவுன்சிலர் புருஷன் எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு முதல் பந்திக்குப் போய்விட்டார்கள். அன்றைக்குக் கூட்டம் இருக்கிறது, தள்ளிவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. பாக்கியத்தாய்க்கு ஞாபகம் இருந்தது. மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவள். விதவை, அதனால் அவள் நாற்காலியில் அவளே உட்காருவாள். கடையை அப்படியே சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வீடு வீடாகப் போய், கவுன்சிலர்கள் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். ஒருத்தி தலையில் சீயக்காயோடு வந்தாள்.

நான் அங்கே எப்படி என்று கேட்கிறாயா? கேட்கவில்லை, சரி, சொல்கிறேன். எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றிப் புகார் கொடுக்கப் போயிருந்தேன். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இருந்து பாக்கியத்தாய் தலையை நீட்டி, "யக்கா, நீங்க கான்வென்ட்ல படிச்சவுகதான? உள்ள வாங்க, ஒரு தீர்மானம் எழுதணும்" என்றாள். "அடிபடுற பொம்பளைக்கு ஸ்டேஷனுக்குப் போகப் பயம், தாய் வீட்டுக்குப் போக வெக்கம். நகராட்சியில ஒரு ரூம் குடுங்க, நாங்களே உக்காந்து கேக்கோம்னு எழுதுங்க. கலெக்டருக்கு இங்கிலீஷ்லயும் ஒண்ணு போடுங்க." எழுதினேன். தமிழிலும் எழுதினேன், இங்கிலீஷிலும் எழுதினேன். கமா, முற்றுப்புள்ளி ஒன்று விடவில்லை. எல்லோரும் கை தூக்கினார்கள். நகராட்சி மேனேஜர் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

புருஷன்மார்கள் தாம்பூலப் பையோடு வந்து இறங்கினபோது தீர்மானம் நிறைவேறிவிட்டது. சாக்கடைக்காகப் போனவள் ஆணையத்தோடு வீடு திரும்பினேன். சாக்கடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வரும்போது தாண்டித்தானே வந்தாய்?

ஆனால் ஆம்பளைகள் விடுவார்களா? ரூம்தானே கேட்டீர்கள், இந்தாருங்கள் என்று பவுண்டைக் கொடுத்தார்கள். உனக்குப் பவுண்டு தெரியுமோ என்னவோ. தெருவில் திரிகிற மாட்டைப் பிடித்து அடைத்து வைப்பார்களே, அந்தக் கொட்டடி. சுவரில் சங்கிலி மாட்டுகிற வளையம் எல்லாம் அப்படியே இருந்தது. எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் மழை பெய்தால் சாண வாடை வரும். ஊருக்கே அது பவுண்டு ஆபீஸ்தான். சைக்கிளில் போகிறவன் நின்று கேட்பான், "என்னக்கா, இன்னிக்கு எத்தன உருப்படி?" பாக்கியத்தாய் விட மாட்டாள். "உள்ள ஒரு வளையம் காலியாக் கெடக்கு, வாறியா?" என்பாள். எங்கள் வீட்டுக்காரரே, "இந்துமதி, பவுண்டுக்குக் கிளம்பியாச்சா?" என்றுதான் கேட்பார். தங்கமான மனுஷர். போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. ஒழுங்கைச் சொல்ல வந்தேன். பாக்கியத்தாய்க்குத் தைரியம் உண்டு, முறை கிடையாது. ஒரு பொம்பளை அழுதுகொண்டு வந்தால் இவளும் சேர்ந்து அழுவாள், அப்புறம் அவள் புருஷனைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்படி நடத்தினால் அது ஆணையமா? நான்தான் முறை வைத்தேன். புதன்கிழமைதான் விசாரணை. இரண்டு பேரும் வர வேண்டும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசக் கூடாது.

சமாதானத்துக்கும் நான்தான் முறை வைத்தேன். எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்த்தில்லா என்று ஒருவர். இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் யார் மேல் தப்பு என்றே கேட்க மாட்டார். இரண்டு பேரையும் காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் கைகோத்து நிற்க வைப்பார். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. என்னைக் கிள்ளிக்கொண்டே இருந்த ஒருத்தியோடு என்னையும் நிற்க வைத்தார். கைகோத்தபடியே கிள்ளினாள் அவள். நான் முகத்தில் காட்டவில்லை. சபையில் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் ஒழுக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே வருகிறது?

அதையே பவுண்டு ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். பேசி முடித்ததும் புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே தட்டில் இனிப்பு, இரண்டு காபி. அப்புறம் ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, கைகோத்து நிற்க வைத்து ஒரு படம். கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே பெயர் எழுதி, சுவரில் மாட்டுவோம். மாடு கட்டின வளையத்தையெல்லாம் படம் மறைத்தது. போகப் போகச் சுவரே தெரியவில்லை. படத்தில் ஏறியாகிவிட்டது என்றால் ஊரே பார்த்தாயிற்று, அப்புறம் எப்படிச் சண்டை போடுவான்? ஒரு கலெக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "வெரி நைஸ்" என்றார். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். படத்தில் ஏறினவள் மறுபடி மனுவோடு வந்தது கிடையாது. ஏன் என்றால் வாங்க மாட்டோம். அதுவும் நான் வைத்த முறைதான். ஒரே சண்டைக்கு எத்தனை தடவை சமாதானம்?

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டாய்? இதையெல்லாம் எழுத வேண்டும். இதுதான் வரலாறு.

அந்த ஒழுங்கைக் கெடுத்தவள் செல்லக்கிளி. செங்கல் சூளையில் வேலை பார்த்தவள், குச்சி மாதிரி இருப்பாள், சத்தமே வராது. படத்தில் நன்றாகச் சிரித்தபடி நின்றாள். கொஞ்ச நாளில் மறுபடி வந்தாள். "ஒன் படந்தான் மாட்டியாச்சேம்மா" என்று காட்டினேன். அண்ணாந்து பார்த்தாள், போய்விட்டாள். இன்னொரு தடவை வந்தாள். அப்போதும் காட்டினேன். அப்புறம் ஒரு புதன்கிழமை, நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம், இடது கையைத் துண்டில் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள், ஏறினாள், ஒற்றைக் கையால் அந்தப் படத்தைக் கழற்றினாள், கீழே போட்டாள். சில்லுச் சில்லாகக் கண்ணாடி. இறங்கி நின்றுகொண்டு, "இப்ப நான் செவத்துல இல்ல. இப்ப எழுதுங்க" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அவ்வளவு பேர் முன்னால்! "இதென்ன அராஜகம், யார் கூட்டுவாங்க இதை?" என்றேன். நியாயமான கேள்விதானே? பாக்கியத்தாய் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் அவளை உட்கார வைத்தாள். மனு எழுதினாள், தனக்குத் தெரிந்த கோணல் எழுத்தில். அவளைக் கூட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். கண்ணாடியைக் கூட்டினது நான். விரலில் குத்திவிட்டது. யாராவது கேட்டார்களா?

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் சுவரில் வளையம்தான் இருக்கிறது. எல்லாப் படங்களையும் கழற்றி மூலையில் அடுக்கிவிட்டாள். "இது யாரைக் கேட்டுச் செய்தது?" என்றேன். "யாரையும் கேக்கலக்கா. நேத்து ரெண்டு பேரு வந்தாளுக. வெளியவே நின்னாளுக. உள்ள வாங்கன்னா, செவத்தக் காட்டி, நாங்கதான் அங்க இருக்கோமேங்காளுக" என்றாள். அதற்காக? வராண்டாவில் நின்ற இரண்டு பேருக்காக இத்தனை வருஷ வேலையைக் கழற்றுவதா? படங்கள் இல்லை என்றால் நானும் இல்லை என்றேன். "சரிக்கா" என்றாள். சரிக்காவாம்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "போகாதீங்கக்கா" என்று சொன்னால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றையிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. இப்போது புதுக் கட்டடம், ஏசி எல்லாம் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்கென்ன.

அந்தச் செல்லக்கிளி? அவள் தனியாகப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் "வாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. என்ன நெஞ்சழுத்தம் பார்!

இதையெல்லாம் நான் ரூபிணியிடமும் சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் சாயங்காலம் ஆனால், "அத்தை, பவுண்டு ஆபீஸ் கதை சொல்லுங்க" என்று வந்து உட்காருவாள். நல்ல பெண். அதில் குறை சொல்ல முடியாது. கேள்வியாகக் கேட்பாள். செல்லக்கிளி ஸ்டூலில் ஏறின இடம் வந்தால் கண்ணை இமைக்காமல் கேட்பாள். பாக்கியத்தாயை நேரில் பார்க்க வேண்டும் என்பாள். "அதெல்லாம் நடந்து முடிஞ்ச கதைம்மா, போய்ப் படு" என்பேன். எனக்கு எப்படித் தெரியும், நான் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் வழி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று! ஆட்டோ பிடித்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள். என் வீட்டு விஷயத்துக்கு, நான் ஆரம்பித்த ஆணையம், என் வாசலில், அட்டை மாட்டிக்கொண்டு!

நிரஞ்சன் கெட்டவன் இல்லை. கோபக்காரன், அவ்வளவுதான். கம்பெனியில் மேலதிகாரி பிடுங்குகிறான், வீட்டுக்கு வருகிறான், இவள் வேலைக்குப் போகிறேன் என்று ஆரம்பிக்கிறாள். நேரம் பார்த்துப் பேச வேண்டாமா? நான் சொல்வதைக் கேள். இரண்டு பேரையும் இங்கே கூப்பிடு. இதே ஹாலில் உட்கார வை. நான் கேசரி கிளறுகிறேன். பேசட்டும், கைகோத்து நிற்கட்டும், நான் ஒரு படம் எடுக்கிறேன், இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே. முடிந்தது. எதற்கு விசாரணை, சாட்சி?

அப்படிச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லையா? அவளே வேண்டாம் என்கிறாளா?

என்னது? இன்னொரு தடவை சொல்லு. "அத்தை அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குப் பொய் சொல்ல வராது." அவள் சொன்னதா? எழுதியே கொடுத்திருக்கிறாளா? காட்டு. ம்ம். அவள் கையெழுத்துதான்.

என் மேல் ஒரு புகார்கூட இல்லையா இதில்? ஒரு வரிகூட?

கெட்டிக்காரி. திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இதற்கு நான் என்ன பண்ணுவேன், நீயே சொல்லு. பெற்றவளைக் கொண்டுபோய்ப் பிள்ளைக்கு எதிரில் நிறுத்துகிறாள். பொய் சொல்ல வராது என்றால், உண்மையைச் சொல்ல வந்துவிடுமா? நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. பார்த்தேன் என்றும் சொல்ல மாட்டேன், பார்க்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். பேசாமல் இருப்பது பொய்யில் சேராது. அப்படியே எழுதிக்கொண்டு கிளம்பு. வெயில் ஏறுகிறது.

இன்னும் என்ன? அவன் கொடுத்த வாக்குமூலமா? அதில் என் பெயர் வருகிறதா? வந்தால் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதியா? விதி என்றால் படி. சீக்கிரம் படி.

"மேற்படி நாளில் மனுதாரர் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருக்கு உதட்டில் காயம் ஏற்பட்டது."

குளியலறையிலா? யார் எழுதியது இதை? வக்கீல் எழுதியிருப்பான். குளியலறையில் விழுந்தால் ரத்தம் எப்படி ஹால் திரையில் இருக்கும்? இரண்டு தடவை சோப்புப் போட்டு ஊறவைத்துத் துவைத்தேன், நான் என்ன முட்டாளா? எழுதுகிறவன் ஒரு தடவை வந்து வீட்டைப் பார்த்துவிட்டு எழுத வேண்டாமா? குளியலறை அந்தக் கோடியில் இருக்கிறது. அவள் அந்த ஜன்னல் பக்கம் நின்றாள். வேலைக்குச் சேரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள், சந்தோஷமாகத்தான் சொன்னாள். சரி, மேலே படி. பொறுப்பில்லாத எழுத்து. மேலே படி.

"அச்சமயம் என் தாயார் சமையலறையில் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபடியால் அவருக்கு எதுவும் கேட்கவுமில்லை, தெரியவும் இல்லை."

நிறுத்து.

சட்னியா? யார் சொன்னது சட்னி என்று? அன்றைக்கு ராத்திரிக்கு உப்புமா. உப்புமாவுக்கு நான் என்றைக்குச் சட்னி அரைத்திருக்கிறேன்? சர்க்கரைதானே வைப்பேன். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? மிக்ஸியில் ஒன்றுமே இல்லை. நான் சும்மா ஓட்டினேன். அவன் கை ஓங்கினதும் நான் திரும்பிப் போய் மிக்ஸியைப் போட்டேன். வெறும் ஜார். காலி ஜார் போடுமே, அந்தச் சத்தம் போட்டது. நிறுத்தினேன். இன்னும் முடியவில்லை. மறுபடியும் போட்டேன்.

என்ன பார்க்கிறாய்?

நான் ஒன்றும் அவளுக்காகச் சொல்லவில்லை. தப்புத் தப்பாக எழுதினால் எனக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். என் சமையலறையில் என்ன நடந்தது என்று ஒரு வக்கீல் எனக்குச் சொல்கிறானா? அதுவும் சட்னி!

அவன் ராத்திரி எட்டு மணிக்கு வருவான். வந்தால் கேட்பான். கேட்கட்டும். நான் சொல்லிக்கொள்கிறேன்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்காதே, எழுது. ஜார் காலியாக இருந்தது என்று எழுது. எழுதிவிட்டுப் படித்துக் காட்டு. கீழே சாட்சி, மாமியார் என்று போட்டிருக்கிறதே, அதை அடித்துவிட்டு இந்துமதி என்று பெயரைப் போடு.

நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும்?